இனிப் பாடலாம்

மேஸ்திரி ராசப்பன் ஸ்டூலில் ஏறிச் சுவரிலிருந்த பலகையைக் கழற்றினான்.

'பேச்சைக் குறை, வேலையைக் கூட்டு' என்று மலையாளத்தில் எழுதிய பலகை. எமர்ஜென்சி வந்த புதிதில் மாட்டியது.

"எமர்ஜென்சி போயாச்சு, ரேடியோல கேட்டேன். இனி பேடிக்க வேண்டாம், ஒரு பயமுமில்ல, மாயம்மாக்கா. ஒரு பாட்டு எடுத்து விடு."

மட்டாஞ்சேரியின் அந்தச் சுக்குக் கிடங்கில் ஒரு பெண்ணும் நிமிரவில்லை. முறங்கள் மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கின.

மாயம்மாள் முதலடி எடுத்தால் ஒரு காலத்தில் கிடங்கே பின்பாட்டுப் பாடும். காயலில் போகிற வள்ளக்காரர்கள் துடுப்பை நிறுத்திக் கேட்பார்கள்.

பலகை மாட்டிய பிறகும் அவள் பாடினாள். சோதனைக்கு வந்துபோன அதிகாரியின் தொப்பையைப் பற்றி ஒரு வரி கட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேர்கூடக் கேட்கவில்லை. பொழுது சாய்ந்ததும் போகச் சொன்னார்கள்.

கிடங்குக்குத் திரும்பியபோது, எங்கே போயிருந்தாய் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

அதிகாரி போன பிறகு பாடிய வரி அது. கூட உட்கார்ந்து சிரித்தவர்களில் ஒருத்திதான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். யாரென்று தெரியாததால் எல்லோரும் எல்லோருக்கும் பயந்தார்கள். அதன்பின் அங்கே இருமல்கூட அடங்கித்தான் வந்தது.

"பாடுக்கா" என்றான் ராசப்பன் மறுபடியும். குரல் கெஞ்சியது. இத்தனை நாள் அந்த மௌனத்துக்குக் காவல் நின்றவனுக்கே அது கிலியைக் கிளப்பியிருக்க வேண்டும்.

மாயம்மாளுக்கு நெஞ்சு பொங்கியது. பாடிவிட வேண்டும், இப்போதே. பழைய பாட்டொன்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

முறங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன.

சுக்குத் தூசி அப்பிய உள்ளங்கை ஒன்று அவள் வாயை இறுக்கிப் பொத்தியது.

ஆத்திரத்தோடு இடப்பக்கம் திரும்பினாள். பாக்கியலக்ஷ்மியின் இரண்டு கைகளும் முறத்தில் இருந்தன. வலப்பக்கம் மாடத்தி. அவளும் இரண்டு கைகளாலும் முறத்தைப் பிடித்தபடி மாயம்மாளையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

முதுகுக்குப் பின்னால் சுவர்.

மாயம்மாள் குனிந்து பார்த்தாள். மடியிலிருந்த முறத்தை அவளுடைய இடது கை மட்டும் பிடித்திருந்தது.