அணிலம்மா வீட்டு நெட் கனெக்‌ஷன்

போன லெந்து நாட்களில், அதான் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஜெபக் கூட்டம் முடிந்ததும் சாரோன் அக்கா எனக்குச் சொன்ன கதை இது, கண்ணு.

ஓர் அணிலம்மாவின் மகள் தூரத்துத் தோப்பில் குட்டி போட்டிருந்தாள். பேரக்குட்டியின் முகத்தைப் போனிலாவது பார்த்துவிட வேண்டுமென்று அணிலம்மா தவித்தாள். வீட்டுக்கு நெட் இழுத்துத் தருவதாக இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"எங்க கம்பெனிதான் ஆன்ட்டி வேகம். கண் மூடித் திறக்கறதுக்குள்ள படம் வந்துரும்," என்றது கிளி.

"எங்களுது கொஞ்சம் மெதுவுதாம்மா," என்றது மரங்கொத்தி.

"இப்படிச் சொன்னா உன்கிட்ட யாருடா வாங்குவா?" என்று கிளி சிரித்தது.

அணிலம்மா ஆண்டவரை நினைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "காத்துல ஒயர் அறுந்தா யாருப்பா வருவா?"

"ஒரு நம்பர் இருக்கு ஆன்ட்டி. தமிழுக்கு ஒன்றை அழுத்துங்க, புகாருக்கு நாலை அழுத்துங்க, அப்புறம்..." என்று கிளி ஒப்பித்துக்கொண்டே போனது.

"நான்தாம்மா வரணும்," என்றது மரங்கொத்தி. "போன மழைக்கு எதிர் மரத்துக்கு வர மூணு நாள் ஆயிடுச்சு. நல்லா திட்டு வாங்கினேன்."

"திட்டறதுக்காவது ஆள் இருக்கே. நீயே ஒயரைக் கட்டு தம்பி," என்றாள் அணிலம்மா.

அன்று சாயங்காலமே படம் வந்தது. ஆனால் மகள் போனைச் சாய்த்துப் பிடித்ததில் குட்டியின் வால் மட்டும்தான் தெரிந்தது.

நீயும் வீடியோவில் என்னிடம் பேசும்போது போனைக் கொஞ்சம் முகத்துக்கு நேராகப் பிடி, கண்ணு.