மூன்று சுற்று

கடை மேசையின் மேல் இரண்டு இரும்பு டிரம்கள் இருந்தன. நாளைக்கு மாமாவின் உயிர் இந்த இரண்டில் ஒன்றில் தொங்கப் போகிறது.

எது வேண்டும் என்று நானே எடுக்க வேண்டுமாம். கீழே நின்று கயிறு பிடிக்கப் போகிறவன் நான்தானே என்று சொல்லிவிட்டார் மாமா.

மாமா என் அக்காவின் கணவர். மரம் வெட்டுகிறவர். உச்சியில் தன்னை மரத்தோடு கட்டிக்கொண்டு துண்டு துண்டாக அறுப்பார். அறுத்த துண்டு கயிற்றில் தொங்கும். அந்தக் கயிறு மேலே ஒரு கப்பி வழியாகக் கீழே வந்து, அடிமரத்தில் கட்டிய டிரம்மைச் சுற்றி, என் கையில் முடியும். பாரத்தை டிரம் தாங்கும். நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட, துண்டு கூரையிலோ சுவரிலோ படாமல் தரைக்கு வரும்.

ஒன்பது வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு. கடைசி எட்டு மாதம் அதுவும் இல்லை. மாமாவின் மூன்று விலா எலும்புகள் கூடுவதற்கு அவ்வளவு நாள் ஆயிற்று.

நாளைக் காலை மறுபடி ஏறுகிறார். ஒரு வீட்டின் கூரைமேல் சாய்ந்து நிற்கும் மரம்.

நாங்கள் கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று, பத்திரம் என்றாள். அவரிடம் இல்லை, என்னிடம். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போன தடவை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

கயிறு நழுவிவிட்டது என்றார் மாமா. எட்டு மாதமாக எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறார். டிரம்தான் அவரைக் கைவிட்டதாம், மச்சினன் கைவிடவில்லையாம். சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அப்படியானால் இதுதான் என்று கடைக்காரர் பெரிய டிரம்மை என் பக்கம் தள்ளினார். தடியானது, பல் வைத்தது, ஒரு பக்கமாக மட்டும் சுழல்வது. பிடித்தால் பிடித்ததுதான், யானையே தொங்கினாலும் இம்மி நகராது என்றார்.

எனக்குப் பயமே அதுதான்.

அறுபட்ட துண்டைச் சற்று ஓட விட்டுத்தான் நிறுத்த வேண்டும். வெடுக்கென்று நிறுத்தினால் அந்த இழுப்பு மொத்தமும் மரத்துக்குப் போகும். மரத்தோடு மாமாவைக் கட்டியிருக்கிறது.

சின்ன டிரம்மைத் தூக்கிப் பார்த்தேன். வழுவழுப்பாக, ஒல்லியாக இருந்தது. இதில் மூன்று சுற்று போட்டால் துண்டு ஓடி, வேகம் தணிந்து, நிற்கும். நாளைக்கு வேண்டியது இதுதான். ஆனால் நழுவிய கதையைக் கேட்ட பிறகும் இதை ஏன் எடுக்கிறாய் என்று இருவரும் கேட்பார்கள். பெரியதை எடுத்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கை பெரியதின் மேல்தான் போயிற்று.

அதற்குள் கடைக்காரர், நாங்கள் கொண்டுவந்த பையிலிருந்து எங்கள் பழைய டிரம்மை எடுத்துவிட்டார். கட்டைவிரலால் அதைத் தடவினார். திருப்பிப் பிடித்து இன்னொரு தரம் தடவினார். பாரத்தோடு கயிறு கட்டுமீறி வழுக்கி ஓடினால் சூட்டில் நைலான் உருகி இரும்பில் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். சுரண்டினாலும் முழுதாகப் போகாது.

எங்கள் டிரம்மில் அப்படி ஒரு கீற்றுகூட இல்லை.

கடைக்காரர் மாமாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கயிறும் டிரம்மும் விற்கிறவருக்குத் தெரியாதா?

மாமா சுவரில் தொங்கிய கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் நெருடிக்கொண்டிருந்தார். மூச்சு இழுக்கும்போது இடது பக்கத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்துத்தான் இழுக்கிறார். நாளைக்கு அந்தப் பக்கம் மறுபடி மரத்தில் மோதினால் எட்டு மாதத்தோடு போகாது.

"கயிறு நழுவல மாமா. மூணு சுத்து போட வேண்டிய இடத்துல நாலு போட்டுட்டேன், துண்டு வெடுக்குனு நின்னுடுச்சு. பயந்துட்டேன்."

கடைக்காரர் எழுந்து, ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார்.

மாமா திரும்பவில்லை. கயிற்றில் அவர் விரல் மட்டும் நின்றது. அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா மேசைக்கு வந்தார். பல் வைத்த டிரம்மை ஓரமாகத் தள்ளிவிட்டு, சின்னதை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு பையின் வாயைக் கட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"நாளைக்குச் சாப்பாட்ட நாமளே எடுத்துட்டுப் போயிடலாம். உங்கக்கா வர வேணாம்."

நான் அக்காவைப் பற்றிப் பேசவே இல்லை. இந்த எட்டு மாதத்தில் யாரிடமும் பேசியதில்லை.

மாமா அடிபட்ட அன்றைக்கு அவள் சோற்றுத் தூக்கோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு பெரிய துண்டை மாமா அறுத்து அவள் பார்த்ததில்லை. தூக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். இன்னும் ஒரு சுற்று போடு, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று கெஞ்சினாள். அவள் நடுக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

துண்டு முறியும் நேரத்தில் மாமா கீழே பார்த்திருக்க வேண்டும். அப்போது கயிற்றைப் பிடித்திருந்தவை என் இரண்டு கைகள் மட்டும் அல்ல.