அரசப்பனின் வண்டி

லாரியின் பின் அச்சில் டிஃபரன்சியல் மூடியைக் கழற்றியதும் கொட்டிய எண்ணெய் தார் மாதிரி கறுத்திருந்தது. மெக்கானிக் தாவீது அதில் விரலைத் தோய்த்து வெயிலில் காட்டினான். விரல் முழுக்க இரும்புத்தூள் மினுங்கியது.

துளசிராமன் தன் லாரிக்கடியில் குனிந்து பார்த்தான். பின் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரத்தில் இரண்டு பல்லைக் காணவே காணோம். மிச்சமெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஆடி மாதம் முழுக்க வண்டி ஊளையிட்டுக்கொண்டே ஓடியதற்குக் காரணம் இதுதான்.

“இதையே பிரிச்சி கட்டலாம். பல்சக்கரம் ஜோடியா மெட்ராஸ்ல தேடணும், பேரிங் தேடணும். எட்டு நாள் ஆவும்,” என்றான் தாவீது. “இல்லாங்காட்டி பின்னால நிக்குதே அரசப்பன் வண்டி, அதுவும் இதே மாடல்தான். முன்னாடிதான் நசுங்கிப்போச்சி. டிஃபரன்சியல் புதுசாட்டம் இருக்குது. முழுசா கழட்டி மாட்டினா நாளைக்கு மத்தியானம் கெளம்பிடலாம்.”

“இதையே கட்டு,” என்றான் துளசிராமன்.

“எட்டு நாளா? இன்னா பேசற நீ?”

ஆரணிப் பக்கம் ஆறு குடும்பங்கள் அவன் வண்டியை நம்பி சொர்ணவாரிப் பட்டத்து நெல்லை அறுத்துக் களத்தில் குவித்திருந்தன. மூன்று நாளாகக் கிழக்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அறுப்புச் சமயத்தில் கும்மிடிப்பூண்டி முழுக்க அலைந்தாலும் வேறு லாரி அகப்படாது. நெல் நனைந்தால் களத்திலேயே முளைத்துவிடும். இது இரண்டு பேருக்கும் தெரியும்.

“செத்தவன் வண்டி சாமான்னு பயப்படறியா?”

பயம் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று துளசிராமன் இருந்துவிட்டான்.

ஆனால் வண்டி ஊளையிட்டதைக் கேட்டே ஊகித்து, தாவீது காலையிலேயே எல்லம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். அரசப்பனின் மனைவி அவள். ஸ்டேஷன் பக்கம் ரைஸ் மில்லில் வேலை. முந்தானையெல்லாம் தவிடாக, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நின்றாள்.

“எடுத்துக்கோண்ணா. சும்மா துருப்புடிச்சி கெடக்கறது உனக்கு ஒதவட்டும்.”

எட்டு மாதம் ஆகியிருந்தது. மார்கழி விடியற்காலையில், கவரைப்பேட்டை தாண்டி, அரசப்பனின் லாரி ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. பனியில் பாதை தெரியவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நசுங்கிய கதவைப் பெயர்த்து அரசப்பனை வெளியே இழுத்தவன் துளசிராமன். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தவனும் அவன்தான். வழியிலேயே உயிர் போய்விட்டது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்றிலிருந்து எல்லம்மாவுக்கு அவன் அண்ணன். இந்த ஆடிக்குக் கூழ் ஊற்றியபோதுகூட அவன் வீட்டுக்கென்று ஒரு தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு நடந்தே வந்தாள். அதைக் குடிக்க அவனால் முடியவில்லை.

“இதையே கட்டிக்கறேம்மா. எட்டு நாள்தானே.”

“அதுக்குள்ள நெல்லு மொளச்சிடாதா?” அவள் ஒரு அடி கிட்டே வந்தாள். “அவரு வண்டின்னு யோசிக்கிறியா? உனக்கு அவரு கெட்டது நெனைப்பாராண்ணா? நீ வரலைன்னா அந்தப் பனியில நாதியத்துல்ல கெடந்திருப்பாரு.”

வேண்டாம் என்றால் ஏனென்று சொல்லவேண்டும். சரி என்றால் அவள் கையிலிருந்து இதையும் வாங்கிக்கொள்ளவேண்டும். அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். முதுகுக்குப் பின்னால் வண்டியின் பலகை இடித்தது. நகர இடமில்லை.

“நீங்க கழட்டுங்கண்ணே, இந்த அண்ணன் அப்பிடித்தான் கூச்சப்படுவாரு,” என்று எல்லம்மா தாவீதிடம் சொன்னாள்.

தாவீது ஸ்பானரை எடுத்துக்கொண்டு பட்டறையின் பின்பக்கம் போனான். துருவேறிய முதல் போல்ட் கிறீச்சிட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது.

“அன்னிக்கி எதிர்ல வந்தது என் வண்டிதாம்மா,” என்றான் துளசிராமன்.

எல்லம்மாவுக்குப் புரியவில்லை.

“மாட்டு வண்டிய தாண்டறேன்னு அவரு பக்கம் ஏறிட்டேன். கிட்ட வந்தப்புறம்தான் வெளிச்சம் தெரிஞ்சிது. அவரு ஒடிச்சித் திருப்பி எறங்கினாரு. நான் தாண்டிப் போயி, திரும்பி வந்தேன்.”

பின்பக்கம் சத்தம் நின்றது.

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்தத் தூசி அடங்கியதும் அவள் கேட்டாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். பக்கத்து சீட்லதான் சாய்ச்சி வெச்சிருந்தேன். கியர் போடற கையப் புடிச்சவரு, உசுரு போற வரைக்கும் வுடல.”

எல்லம்மா அவனுடைய இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, எதையோ தேடுவதுபோல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“ஏண்ணே நிறுத்திட்டீங்க? கழட்டுங்க. கழட்டி இந்தாளு வண்டியிலியே மாட்டுங்க. ஓடற வரைக்கும் அவரும் கூடவே ஓடட்டும்.”