காந்தத்தில் சிக்கியது

"தூக்காதே. கயித்தை அப்படியே பிடி" என்றான் மார்னிக்ஸ்.

லீவன் கையை நிறுத்தினான். காந்தத்தோடு ஒட்டி வந்தது கால்வாய்ப் படியில் சாய்ந்து கிடந்தது. ஒரு முழ நீளம், மேலெல்லாம் சேறும் துருவும். முனை மட்டும் கூர்மை. முதல் உலகப் போரில் வெடிக்காமல் போன பீரங்கிக் குண்டு. அந்தப் போர் நடந்த பெல்ஜியத்து ஈப்பர் மண்ணுக்கு இது புதிதல்ல.

"இதுக்கா பயம்? எங்கப்பா கலப்பையில மாட்டினதை மின்கம்பத்தடியில வச்சுட்டு வந்து சூப் குடிப்பாரு. ராணுவ வண்டி அள்ளிட்டுப் போகும்."

"உங்கப்பாவுக்கு எத்தனை விரல்?"

லீவன் கயிற்றை இன்னும் கெட்டியாகப் பிடித்தான்.

இருவருக்கும் செங்கல் சூளையில் வேலை. சனிக்கிழமை வந்தால் கயிற்றில் காந்தம் கட்டிக் கால்வாயில் இரும்பு தேடுவார்கள். ரயில் பாலத்தடியில் போட்டால் பழைய சைக்கிளாவது கிடைக்கும். இன்று இங்கேதான் என்று அடம்பிடித்தவன் மார்னிக்ஸ். அவன் சூளைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. சொந்தக் கதை பேசமாட்டான். அழுக்கு ஜாக்கெட்டுக்குள் இன்று தேய்த்த வெள்ளைச் சட்டை.

"சேத்துல நிக்க வெள்ளைச் சட்டை. பொண்ணு பார்க்க வந்தியாண்ணே?" என்று காலையிலேயே லீவன் சீண்டியிருந்தான்.

படிக்கு மேலே விருந்து மண்டபம். உள்ளே கல்யாணம். அக்கார்டியன் வாத்தியச் சத்தம் தண்ணீர்வரை வந்தது.

"உள்ளேயே தள்ளிடலாம்ண்ணே. நூறு வருஷம் கிடந்தது, இன்னும் நூறு கிடக்கட்டும். போலீசைக் கூப்பிட்டா முதல்ல அந்த மண்டபத்தைத்தான் காலி பண்ணுவாங்க. இன்னும் கேக்குகூட வெட்டலை போல."

மார்னிக்ஸ் மண்டபத்து ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தள்ளும்போதே வெடிச்சா? இல்ல, கோடையில தண்ணி வத்தி, படகு விசிறி இதுல உரசினா?"

"உரசும்போது பார்த்துக்கலாம்."

"பார்க்கக் கண்ணு வேணுமே. கயித்தை மெதுவா விடு. காந்தத்தைப் பிடுங்காதே, அதோடயே கிடக்கட்டும். மேலே ஏறு."

தள்ளிப் போய்த்தான் மார்னிக்ஸ் போனை எடுத்தான். எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தி அழித்தான். சூளை நெருப்புக்கு அஞ்சாதவன் துருப்பிடித்த இரும்புக்குத் தடுமாறுகிறானே என்று நினைத்தான் லீவன்.

போலீஸ் வந்தது. தெருவுக்குக் குறுக்கே நாடா கட்டினார்கள். பாட்டு பாதியில் நின்றது. தூறலில் தட்டும் கையுமாக ஜனம் வெளியே வந்தது. மணப்பெண் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"பாவம்ண்ணே. பெத்தவன் எவனோ, நம்மளைச் சும்மா விடமாட்டான்."

"விடமாட்டான்தான்" என்றான் மார்னிக்ஸ்.

மணப்பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவர்களிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்க லீவன் தொப்பியைக் கழற்றினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"கல்யாணத்துக்குக் கூப்பிடலைன்னு இப்படியா பழிவாங்குவே, அப்பா?"

நடந்ததைச் சொல்ல லீவன் வாயைத் திறந்தான். மார்னிக்ஸ் அவன் தோளை அழுத்தி நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை தெரியாதபடி ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.