குளிரில் வைத்த இரத்தம்

ஆய்வுகூடத்தின் வெப்பப் பெட்டியில் மஞ்சள் விளக்கு மினுங்க, அனோஜினி அந்த இரத்தப் போத்தலை வெளியே எடுக்கிறாள். உள்ளங்கையில் இளஞ்சூடு. விளக்கு மினுங்கினால் நோயாளியின் இரத்தத்தில் கிருமி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வார்டுக்குச் சொல்கிறாள். மறுமுனையில் நேர்ஸ் மங்கை, மலேசியாக்காரி, தயங்குகிறாள். "அந்தப் பேஷண்ட் காலையிலயே தவறிட்டாரு, அனோ." யன்னலுக்கு வெளியே, லண்டன் தெருவில், ஸ்ட்ரெதம் போகும் பஸ் மழையில் உறுமிக்கொண்டு நிற்கிறது. "சனிக்கிழமை எடுத்த ரத்தம் ஏன் நேற்றுத்தான் இங்கை வந்தது?" "கெட்டுப்போயிடும்னு யாரோ ப்ரிட்ஜில வெச்சிட்டாங்க." குளிரில் கிருமி வளராது, தன்னைக் காட்டிக்கொடுக்காது. "மிஞ்சின கறியெண்டு நினைச்சினமோ?" அனோஜினி போனை வைத்துவிட்டு, போத்தலில் இருந்து ஒரு துளியைக் கிருமி வளர்க்கும் தட்டில் பரப்பி, சுற்றிவர வெவ்வேறு கிருமிக்கொல்லி மருந்து தோய்த்த வில்லைகளை வைக்கிறாள். எந்த மருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும் என்பது நாளைக்குத் தெரிந்துவிடும்.