கரண்டியம்மாவின் நோயாளி

"வாயைத் திற கண்ணு. ஆறிப்போனா இதைக் கஞ்சின்னு சொல்ல முடியாது, போஸ்டர் ஒட்டத்தான் ஆகும்."

கட்டிலில் சாய்ந்திருந்தவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள். கரண்டியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கரண்டியின் அடியைக் கிண்ணத்தின் விளிம்பில் வழித்துவிட்டு ஊட்டினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கரண்டியம்மா என்பது தரும ஆஸ்பத்திரி வார்டில் வைத்த பெயர். கணவர் போன பிறகு மூன்று பிள்ளைகளைத் தனியாக ஆளாக்கியவர். விடிந்ததும் பிரார்த்தனை, அதை முடித்துக்கொண்டு, பார்க்க ஆளில்லாத நோயாளிகளுக்கு ஊட்டிவிட ஆஸ்பத்திரிக்கு ஓட்டம், திரும்பி வந்தால் இருட்டும்வரை தையல் மெஷின். ஆஸ்பத்திரிக் கரண்டி பெரிது, வாயோரம் கிழிக்கும் என்று சொந்தமாக ஒரு சின்னக் கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போவார். தன் நோயாளி சாப்பிட்டு முடிக்காமல் அவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். தலை முழுக்க நரைத்த பிறகும் அந்தப் பிடிவாதம் மட்டும் போகவில்லை.

"நேத்து எங்கே போயிட்டே? வந்து பார்த்தா கட்டில் காலி."

"ஏதோ டெஸ்டுன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க சாப்பிட்டீங்களா?"

"எங்கே இறங்குது? காலிக் கட்டிலைப் பார்த்தாலே எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்திடும். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், சாயங்காலம் சிரிச்சுப் பேசிட்டு காலையில இல்லாமப் போனவங்க."

கதவோரம் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர், கட்டிலில் இருந்தவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நேற்றெல்லாம் கரண்டியம்மா பட்டினிதான் என்று அர்த்தம். அவளும் கவனித்திருந்தாள், அவர் இன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். இன்னொரு வேளைப் பட்டினியை அந்த உடம்பு தாங்காது. இந்தக் கிண்ணம் காலியாகியே தீரவேண்டும்.

"என்ன டாக்டர், நின்னு வேடிக்கை பார்க்கறீங்க? உங்களுக்கும் ஒரு வாய் வேணுமா?"

"ஐயோ, வேணாம்மா! நீங்க நடத்துங்க." அவர் சட்டென்று வெளியே நகர்ந்துகொண்டார்.

"நல்ல மனுஷன். ஆனா நாடி பிடிச்சு நான் பார்த்ததே இல்லை" என்றார் கரண்டியம்மா குரலைத் தாழ்த்தி. "சரி, வலி எப்படி இருக்கு?"

"வயித்துல அப்படியே இருக்கு."

கரண்டியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தப்பா நினைக்காதே. வயித்துவலின்னாலே எனக்கு என் கடைக்குட்டி ஞாபகம்தான். நான் பையைத் தோள்ல மாட்டினதும் அவளுக்கு வலி வந்திடும். பாயில சுருண்டு படுத்துக்குவா. சாவித்துவாரம் மாதிரி ஒரு கண்ணை மட்டும் திறந்து, நான் போறேனா இருக்கேனான்னு பார்ப்பா."

"நிஜமாவே வலிச்சிருக்கலாம் இல்லையா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? 'எழுந்திருடி நாடகக்காரி'ன்னு முதுகுல ஒண்ணு வெச்சிட்டுக் கிளம்பிடுவேன். அங்கே நிஜமா வலிக்கிறவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களே. தெருமுனை வரைக்கும் அவ அழுகை என் கூடவே வரும். மறுநாள் பார்த்தா மறுபடியும் அதே வலி, அதே பாய்!"

"இப்ப அவங்க எங்கே?"

"பெரிய ஆபீஸ்ல உத்தியோகம். பாவம், மூச்சுவிட நேரமில்லை. என்னை வந்து பார்த்து எவ்வளவோ நாளாச்சு. ம்... வாயைத் திற."

அவள் திறக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போதும்."

"அப்போ எனக்கும் போதும்." கரண்டியம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார். "இன்னிக்கும் பட்டினி கிடக்கறேன். எனக்கென்ன புதுசா?"

சொல்லிவிட்டு நாற்காலியில் தளர்ந்து சாய்ந்தார். அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். திரும்பி வாயைத் திறந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். மென்று விழுங்க எதுவும் இல்லாத கஞ்சியை மென்று மென்று விழுங்கினாள். கிண்ணம் காலியானது.

"இதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு."

கரண்டியம்மா முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டார். நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். "ஆண்டவனே, இந்தப் புள்ளையைச் சீக்கிரம் எழுப்பி விடு. இவளையும் ஒருத்தி பெத்துப்போட்டுட்டு வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பா." கை எடுக்க மனமில்லாததுபோல அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது.

பிறகு கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தார். "நாளைக்கும் இருப்பேல்ல?"

"எங்கேயும் போகமாட்டேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் அடுத்த அறைக்குப் போனார். நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. தட்டை நகர்த்தும் ஓசையும் கேட்டது.

வெள்ளைச் சட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். "அத்தை சாப்பிட ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கும் நம்ம வீட்டை ஆஸ்பத்திரின்னே நினைச்சிட்டாங்க. சீக்கிரம் எழுந்திரு, உன் ஆபீஸ் பஸ் போயிடப்போகுது!"

போர்வையை உதறிவிட்டு, கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தவள், ஈரக் கண்ணோடு கணவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒருவழியா அம்மா என் வயித்துவலியை நம்பிட்டாங்க!"