அக்கா குறித்த நிமிடங்கள்

பொத்தானை என்னையே அமுக்கச் சொல்லிவிட்டு அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

நான் பிழை தேடும் வெறும் டெஸ்டர். எங்கள் செயலியோ தனித்தனியாக ஓடும் பதினோரு குட்டி சர்வீஸ்களாகப் பிரிந்து கிடக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் பதினொன்றையும் தனியாக ஓரிடத்தில் எழுப்பி ஓடவிட வேண்டும். எதை முதலில், எதை அப்புறம் என்பது எங்கள் டீமில் சீனியரான அக்கா ஒருத்திக்குத்தான் அத்துப்படி. அவளுக்கே இரண்டு நாள் பிடிக்கும்.

அந்த இரண்டு நாள் வேலையைத்தான் இப்போது ஒரு பொத்தானுக்குள் அடைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை முதல் அவளுக்குப் பிரசவ லீவு. குழந்தைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இன்றைக்குள் மேனேஜர் வாயால் 'சரி' வந்துவிட்டால் தப்பித்தாள். இல்லையென்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே போன் போடுவார்கள். எங்கள் ஆட்களுக்குக் கூச்சநாச்சம் கிடையாது.

அமுக்கினேன்.

திரையில் ஒவ்வொன்றாகப் பச்சையானது. பதினொன்றும் எழுந்து நின்றன. என் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் அசரவில்லை. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே ஒன்ஸ்மோர். ஒரு தடவை என்றால் அது அதிர்ஷ்டம், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுப்பு என்றார். அது முடிந்ததும் இன்னொரு தடவை. நடுநடுவே வெளியே போய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சிரித்த முகமாகவே இருந்தாள். அவ்வப்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பாள், தாளில் ஒரு எண்ணைக் குறிப்பாள், விட்ட இடத்திலிருந்து பேசுவாள்.

ஐந்தாவது தடவையும் எல்லாம் பச்சை.

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்காவின் தாளை எடுத்து உரக்கப் படித்தார். பன்னிரண்டு நிமிடம், பத்து, எட்டு, ஆறு, ஐந்து.

"தடவைக்குத் தடவை வேகமாகுதேம்மா. இத அப்படியே ரிப்போர்ட்ல போட்டுடலாம்."

அக்கா மூச்சை மெல்ல வெளியே விட்டாள்.

"அது சர்வீஸ் எழுந்த நேரம் இல்ல சார், எனக்கு வலி வர்ற இடைவெளி. மொதல்ல பொத்தான் சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அப்புறம் வண்டிய எடுங்க."